குதிகால் வலியால் ஓட்டம் நின்றுவிட்டதா? உடம்பும் மனசும் தளராமல் திரும்பி வரும் வழி

காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி ஏறியது போல சுரீரென்று ஒரு வலி. பத்து அடி நடந்ததும் குறையும். அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி அதே சுரீர். இப்படி இருந்தால் பெரும்பாலும் அது பிளான்டர் ஃபேஷியைட்டிஸ். நம் வீடுகளில் குதிகால் வாதம் என்பார்கள். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் ஓடும் தடித்த நாரில் வரும் கோளாறு அது.

எனக்கு வந்தது என் அவசரத்தால்தான். ஜனவரியில் சென்னை மாரத்தான். வாரம் 25 கி.மீ. ஓடிக்கொண்டிருந்தவன் மூன்றே வாரத்தில் 45க்கு ஏற்றினேன், அதுவும் சோல் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்த ஷூவோடு. டிசம்பர் முதல் வாரத்தில் கால் மக்கர் செய்துவிட்டது. அதன்பின் நான்கு மாதம் செய்ததில் எதெல்லாம் பலித்ததோ அதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. இது அதுதானா என்று பாருங்கள்

குதிகாலை இரு பக்கமும் உள்ளங்கையால் அழுத்தும்போது உயிர் போகிறதா? படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா? வீக்கம், மரத்துப்போவது உண்டா? அப்படியென்றால் மேலே படிக்காமல் எலும்பு டாக்டரைப் பாருங்கள். எலும்பில் நுண்விரிசல் இருந்தால் வைத்தியமே வேறு, ஆரம்பத்தில் அது எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். இன்னொன்று: எக்ஸ்ரேயில் 'எலும்பு வளர்ந்திருக்கிறது' என்று வந்தால் பதறாதீர்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்த வளர்ச்சி உண்டு.

2. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்

தினமும் காலை முதல் அடியின் வலிக்கு 0 முதல் 10 வரை மார்க் போட்டு எழுதுங்கள். இதுதான் உங்கள் மீட்டர். நேற்று 4, இன்று 6 என்றால் கவலை வேண்டாம், நேற்று என்ன செய்தோம் என்று மட்டும் யோசியுங்கள். வாரத்துக்கு வாரம் ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். டிசம்பரில் எனக்கு 7, 7, 8. பிப்ரவரி முடிவில் 3. அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்த நாளில் கிடைத்த தெம்பு வேறெதிலும் கிடைக்கவில்லை.

3. நாருக்கு வேலை கொடுங்கள்

கட்டிலை விட்டு இறங்கும் முன்பே, வலிக்கும் காலைத் தூக்கி மறு தொடைமேல் போட்டுக்கொள்ளுங்கள். கால் விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக இழுங்கள். மறு கையின் கட்டைவிரலால் உள்ளங்காலைத் தடவினால் நார் வீணைத் தந்தி போல விறைத்திருப்பது தெரியும். 10 விநாடி பிடித்து விடுங்கள். இப்படி 10 தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை.

அடுத்தது குதிகால் தூக்கல். ஒரு துண்டைச் சுருட்டி மாடிப்படியின் விளிம்பில் வையுங்கள். விரல்கள் துண்டின்மேல் மடங்கி இருக்க வேண்டும், குதிகால் படிக்கு வெளியே அந்தரத்தில் நிற்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு 3 விநாடியில் மெல்ல எழும்புங்கள், 2 விநாடி நில்லுங்கள், 3 விநாடியில் இறங்குங்கள். 12 தடவை வீதம் மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதலில் இரண்டு காலாலும் செய்யலாம். சுலபமாகிவிட்டால் ஒற்றைக் காலில், அதுவும் சுலபமானால் முதுகுப் பையில் ஐந்து கிலோ அரிசியோடு. செய்யும்போது 3 மார்க் வரை வலித்தால் பரவாயில்லை. அவசரம் வேண்டாம், பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகும்.

என் அம்மா செங்கல்லைச் சூடாக்கி, மேலே எருக்க இலையைப் போட்டு, குதிகாலை வைத்து எடுக்கச் சொன்னார். செய்தேன். இதமாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் மார்க் மாறவில்லை. செய்வதானால் எருக்கம்பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. வீட்டுக்குள்ளும் செருப்பு

நம் ஊரில் இதுதான் கஷ்டமான படி. நாள் முழுக்க மொசைக் தரையிலும் டைல்ஸிலும் வெறுங்காலோடு நடந்தால் மேலே சொன்ன பயிற்சியெல்லாம் வீண். மெத்தென்ற செருப்பு ஒன்றை வீட்டுக்கென்றே வாங்கி, கட்டிலுக்கு அடியில் வையுங்கள். பூஜை அறைக்கு வெளியே கழற்றிவிட்டால் யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை.

5. ஐந்து மணி அலாரத்தை நிறுத்தாதீர்கள்

ஓட்டம் இல்லையென்று தூங்க ஆரம்பித்தால், அந்த நேரத்தை மீட்பது கால் குணமாவதைவிடக் கடினம். அதே ஐந்து மணிக்கு எழுந்து, ஓடியிருந்தால் எவ்வளவு நேரம் ஓடியிருப்பீர்களோ அவ்வளவு நேரம் வேறு ஏதாவது செய்யுங்கள். மூச்சுத்திறன் ஒரே வாரத்தில் காணாமல் போய்விடாது. பல வாரம் சும்மா இருந்தால்தான் நன்றாகக் குறையும்.

எனக்குக் கைகொடுத்தது சைக்கிள். கியர் இல்லாத சாதா சைக்கிளே போதும். பெடலை விரல் நுனியால் அழுத்தாமல் நடுப்பாதத்தால் அழுத்துங்கள், நார் இழுபடாது. வேக ஓட்டம் இருந்த செவ்வாய்க்கிழமையில் 3 நிமிடம் மூச்சு வாங்க மிதித்து, 2 நிமிடம் மெதுவாக, ஆறு தடவை. சட்டை பிழிந்தால் தண்ணீர் சொட்டும்.

நீச்சல் தெரிந்தால் இன்னும் நல்லது, ஆனால் திரும்பும்போது வலிக்கும் காலால் சுவரை உதைக்காதீர்கள். தெரியாதவர்கள் மார்பளவு தண்ணீரில் நிமிர்ந்து நின்றபடி, முழங்காலை உயர்த்தி ஓடுவது போல நகரலாம். தண்ணீரில் இதயத் துடிப்பு தரையில் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். அதைப் பார்த்து ஏமாந்து அளவுக்கு மீறிப் போக வேண்டாம்.

பிளாங்க் (முழங்கைகளை ஊன்றி உடம்பை நேராகத் தாங்குவது), இடுப்பைத் தூக்கும் பயிற்சி ஆகியவற்றை வாரம் இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் பட்டினி வேண்டாம். முட்டை, சுண்டல் போன்ற புரதம் அவசியம். என்றாலும் 20 கி.மீ. ஓடிவிட்டுச் சாப்பிட்ட பொங்கல் வடையை ஓடாமலேயே சாப்பிட்டதில் எனக்கு இரண்டு கிலோ கூடியது.

6. நண்பர்களை விட்டு ஒதுங்காதீர்கள்

யார் எவ்வளவு ஓடினார்கள் என்று காட்டும் ஸ்ட்ராவா ஆப்பை போனிலிருந்து இரண்டு மாதம் அழித்துவிட்டேன், வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போவதை நிறுத்தவில்லை. சைக்கிளில் தண்ணீர் பாட்டில்களையும் வாழைப்பழத்தையும் கட்டிக்கொண்டு, ஓடுகிறவர்களுக்குக் கொடுத்தபடி கூடவே போனேன். மாரத்தான் அன்றும் அப்படித்தான், ரோட்டோரம் நின்று கத்தினேன். முதல் அரை மணி நேரம் தொண்டையை அடைத்தது. அப்புறம் சரியாகிவிட்டது.

1984 ஏப்ரலில் முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஓட்ட வீராங்கனை ஜோன் பெனாய்ட், 17 நாளில் அமெரிக்காவின் ஒலிம்பிக் மாரத்தான் தேர்வில் ஜெயித்தார். ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் தங்கமும் வென்றார். கேட்கப் பிரமாதமாக இருக்கும். தயவுசெய்து நம் அட்டவணையை அதை வைத்துப் போட வேண்டாம்.

7. திரும்ப ஓடுவது

ஒரு வாரம் தொடர்ந்து காலை மார்க் 2க்குள் இருக்க வேண்டும். 30 நிமிட வேக நடை வலியில்லாமல் முடிய வேண்டும். அதற்கப்புறம், புது ஷூவில், ஒரு நாள் விட்டு ஒரு நாள்:

முதல் வாரம்: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 8 தடவை.
இரண்டாம் வாரம்: 2 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 8 தடவை.
மூன்றாம் வாரம்: 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 5 தடவை.
நான்காம் வாரம்: நிற்காமல் மெதுவாக 20 நிமிடம்.

ஓடிய மறுநாள் காலை மார்க் ஏறினால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள். வேகமும் பாலம் ஏறுவதும் கடைசியில்தான்.

இந்த நான்கு வாரத்தை முடிக்க எனக்கு ஆறு வாரம் ஆனது. நடுவில் ஒரு கல்யாணத்தில், மணமேடைப் பக்கம் வெறுங்காலோடு மூன்று மணி நேரம் நின்றுவிட்டேன். மறுநாள் காலை நோட்டில் 6.