ஃபுளோரன்ஸ் நகரில் தோல், தாள், தங்கம், துணி வாங்குவது எப்படி

இத்தாலியில் உள்ள ஃபுளோரன்ஸின் பழைய நகர்ப்பகுதியை ஒரே நாளில் காலாற நடந்து முடித்துவிடலாம். ஆனால் அந்தத் தெருக்களில் இரண்டு வகைப் பொருள்கள் அருகருகே தொங்குவதை அந்த ஒரு நாளில் பலரும் கவனிப்பதில்லை. ஒரு வகை, அந்த ஊர்ப் பட்டறையில் கைதேர்ந்த ஒருவர் வெட்டித் தைத்து மெருகேற்றியது. மற்றொன்று, வேறெங்கோ மொத்தமாகச் செய்து கொண்டுவந்து, ஊரின் பெயரை மட்டும் மேலே பொறித்தது. இரண்டாவதை அதற்குரிய விலையில் வாங்குவதில் தவறில்லை. முதலாவது என்று நம்பி, முதலாவதின் விலையைக் கொடுத்து வாங்கிவிடுவதுதான் வேதனை. ஆகவே அங்கே கடைக்குப் போகிறவர் பணப்பையைத் திறப்பதற்கு முன்பு, இதைச் செய்தவர் யார், எங்கே செய்தார் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

அதற்கும் முன்பாகக் கதவு எண்களைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஃபுளோரன்ஸில் வீடுகளுக்கு நீலம் அல்லது கறுப்பு நிறத்தில் ஓர் எண் வரிசையும், கடைகளுக்குச் சிவப்பு நிறத்தில் தனி வரிசையும் உண்டு. முகவரியில் எண்ணுக்குப் பின்னால் ‘ரோஸ்ஸோ’ என்ற சொல்லோ அதன் முதலெழுத்தோ இருந்தால் அது சிவப்பு எண் என்று பொருள். நீல 15-க்கும் சிவப்பு 15-க்கும் இடையே பாதித் தெரு தூரம் இருக்கக்கூடும் என்பதால், கடை மூடிவிட்டது என்று எண்ணித் திரும்பி வருகிறவர்கள் உண்டு. சிறு பட்டறைகள் மதியம் 1 மணி வாக்கில் மூடிப் பிற்பகல் 3 அல்லது 3.30-க்குத்தான் மீண்டும் திறக்கும். திங்கட்கிழமை காலையில் பல கடைகள் திறப்பதே இல்லை. ஆகஸ்ட் 15 பண்டிகையை ஒட்டிக் கைவினைஞர்களில் பலர் விடுமுறையில் போய்விடுவதால், பட்டறைகளைப் பார்ப்பதே நோக்கமாக இருந்தால் அந்த மாதத்தைத் தவிர்ப்பது நல்லது.

ஆர்னோ ஆற்றின் தென்கரைக்கு ஓல்த்ரார்னோ என்று பெயர். ஆற்றுக்கு அப்பால் என்பது அதன் பொருள். சான்தோ ஸ்பிரிதோ, சான் ஃபிரேதியானோ ஆகிய பகுதிகளின் குறுகிய சந்துகளில்தான் படச்சட்டங்களுக்குப் பொன்தகடு ஒட்டுகிறவர்கள், பழைய மரச்சாமான்களைச் சீர்படுத்துகிறவர்கள், அளவெடுத்துக் காலணி செய்கிறவர்கள், புத்தகம் கட்டுகிறவர்கள் இன்னும் தொழில் செய்கிறார்கள். பட்டறையும் கடையும் ஒன்றாக இருக்கும் இத்தகைய இடத்தைப் ‘பொத்தேகா’ என்பார்கள். உள்ளே நுழையும்போது ‘புவோன்ஜோர்னோ’ என்று வணக்கம் சொல்லிவிட்டு நுழைய வேண்டும். வணக்கம் சொல்லாமல் நேரே பொருளைக் கையில் எடுப்பதை அங்கே மரியாதைக் குறைவாகக் கருதுவார்கள். தொட்டுப் பார்க்க விரும்பினால் ‘போஸ்ஸோ?’ என்று கேட்டால் போதும். வேலை செய்துகொண்டிருப்பவர் உடனே எழுந்து வராவிட்டால் பொறுத்திருங்கள். பசை காய்வதற்குள் முடித்தாக வேண்டிய வேலை அவர் கையில் இருக்கலாம்.

ஃபுளோரன்ஸ் என்றதும் பெரும்பாலோர் தேடுவது தோல் பைகளையே. 1874-இல் கட்டி முடிக்கப்பட்ட மைய அங்காடியைச் சுற்றியுள்ள சான் லொரென்சோ சந்தைக் கடைகளில் பைகளும் மேலங்கிகளும் இடுப்புவார்களும் குவிந்து கிடக்கின்றன. விலை பேசலாம்; விற்பவரும் அதை எதிர்பார்த்தே விலை சொல்கிறார். சிலர் லைட்டரைக் கொளுத்திப் பையின் மேல் ஒரு நொடி காட்டி, ‘பாருங்கள், அசல் தோல்’ என்பார்கள். அந்த நொடிச்சூட்டை மட்டமான தோலும் தாங்கும் என்பதால், அதை வைத்துத் தரத்தை முடிவு செய்யக் கூடாது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. முதல் பயணத்தில் ஒரு தெருக்கடையில் வாங்கிய பையின் கைப்பிடி ஓரத்தில் ஓராண்டுக்குள் மேற்பூச்சு உரிந்தது. உள்ளே இருந்தது தோலே இல்லை, அழுத்திச் செய்த நார் அட்டை. அன்று நான் அந்த ஓரத்தைத் திருப்பிப் பார்க்க அரை நிமிடம் செலவிட்டிருந்தால் போதும்.

ஆகவே ஓரத்திலிருந்தே தொடங்குங்கள். பையின் வாய்ப்பகுதியிலோ வாரின் நுனியிலோ வெட்டிய விளிம்பு எங்காவது தெரியும். நல்ல தோலானால் அந்த வெட்டில் மேலிருந்து கீழ்வரை நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். மேலே மெல்லிய பிளாஸ்டிக் படலமும் கீழே வேறு நிறத்தில் ஓர் அடுக்கும் தனித்தனியாகத் தெரிந்தால், அது தோலின் அடிப்பகுதியைச் சீவி எடுத்துப் பூச்சிட்டது. பிறகு கட்டைவிரலால் மெல்ல அழுத்துங்கள்: இயற்கையான மேல்தோல் விரலைச் சுற்றி நுண்ணிய சுருக்கங்களாகக் குவிந்து, விரலை எடுத்ததும் மீளும். மயிர்த்துளைகள் ஒழுங்கற்றுப் பரவியிருக்க வேண்டும். ஒரே அச்சில் வார்த்ததுபோல் வரிசையாக இருந்தால் அது இயந்திரத்தால் பதித்த வடிவம். அடுத்து மூக்கருகே கொண்டு போங்கள். இரசாயன நெடி அடித்தால் கீழே வைத்துவிடுங்கள்.

ஃபுளோரன்ஸுக்கும் பீசாவுக்கும் நடுவே ஆர்னோ பள்ளத்தாக்கில் சான்தா குரோச்சே சுல்லார்னோ, பொந்தே ஆ ஏகொலா ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் ஆலைகள் நிறைந்திருக்கின்றன. இங்குள்ள ஆலைகளில் ஒரு பகுதி குரோமிய உப்புக்கு மாறாமல், செஸ்ட்நட் மரம் போன்ற தாவரங்களிலிருந்து எடுத்த துவர்ப்புச் சாற்றில் வாரக்கணக்கில் தோலை ஊறவைத்துப் பதப்படுத்துகிறது. ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்ட முறையை அறிந்தவர்களுக்கு இதன் அடிப்படை எளிதில் விளங்கும். இப்படிச் செய்த தோல் தொடக்கத்தில் விறைப்பாக இருக்கும். வெயிலும் கைப்பழக்கமும் படப்பட நிறம் ஆழ்ந்து தேன்பழுப்பாகும். தண்ணீர்த் துளி பட்டால் கறை நிற்கும் என்பதும் உண்மை என்பதால், மழையில் எடுத்துச் செல்லும் பை வேண்டுமென்றால் விற்பவரிடம் அதைச் சொல்லிக் கேளுங்கள். தாவரச் சாற்றில் பதனிட்ட, ஃபுளோரன்ஸ் அமைந்துள்ள தஸ்கனி மாநிலத்துத் தோலுக்கென ஆலைகளின் கூட்டமைப்பு தனிச் சான்றுச் சீட்டு வழங்குகிறது. ‘வேரா பெல்லே’ என்ற முத்திரைக்கு அசல் தோல் என்பது மட்டுமே பொருள்; தரத்தையோ, செய்த இடத்தையோ அது சொல்வதில்லை. காலணியில் ஒட்டியிருக்கும் சிறு சீட்டில், விரித்த தோலின் வடிவம் தோலையும், வெற்றுச் சாய்சதுரம் பிற செயற்கைப் பொருளையும், பின்னல் வடிவம் துணியையும் குறிக்கும். மேற்பகுதி, உட்புறம், அடிப்பகுதி மூன்றுக்கும் தனித்தனியே குறி இருக்கும்.

கண்ணெதிரே வேலை நடப்பதைப் பார்த்து வாங்க விரும்புகிறவர்கள் ஃபுளோரன்ஸ் நகருக்குள்ளேயே சான்தா குரோச்சே தேவாலயத்தின் பின்புறம் உள்ள ஸ்குவோலா தெல் குவோயோ என்ற தோல் தொழிற்பள்ளிக்குப் போகலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின், தாய்தந்தையை இழந்த பிள்ளைகளுக்கு ஒரு தொழில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று பிரான்சிஸ்கத் துறவியரும் கோரி, கசினி ஆகிய இரு தோல்தொழில் குடும்பத்தாரும் சேர்ந்து தொடங்கிய பள்ளி இது. துறவியர் தங்கியிருந்த பழைய பகுதியில் மேசைகளைப் போட்டுக் கைவினைஞர்கள் வேலை செய்கிறார்கள். வாங்கும் பொருளில் பெயரின் முதலெழுத்துகளைப் பொன்னிறத்தில் பதித்துத் தருவதும் உண்டு. விலை சந்தையைவிட அதிகம்தான். பை வாங்க முடியாவிட்டால் சில்லறைக்காசு போடும் சிறு பையாவது இங்கே வாங்குங்கள் என்றே சொல்வேன். பட்டறைகளில் பேரம் பேசுவது வழக்கமில்லை. இரண்டு மூன்று பொருள் சேர்த்து வாங்கும்போது ‘ஸ்கோந்தோ’, அதாவது தள்ளுபடி, உண்டா என்று பணிவாகக் கேட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

கையுறை வாங்குவது தனி அனுபவம். ஆற்றின் தென்கரையில், போந்தே வெக்கியோ என்னும் பழைய பாலத்துக்கு அருகே, 1919 முதல் நடக்கும் மதோவா கடையில் கையுறைகளைத் தவிர வேறெதுவும் இல்லை. கையின் அளவைப் பார்த்து, உள்துணி பட்டா கம்பளியா என்று கேட்டு எடுத்துக் கொடுப்பார்கள். புதுக் கையுறை சற்று இறுக்கமாகவே இருக்க வேண்டும். தோல் நெகிழ்ந்து கைக்குப் படிந்துவிடும்.

தோலுக்கு அடுத்தபடியாக என் மனம் போவது வண்ணத்தாளுக்கு. அகலமான தட்டில் கஞ்சிபோல் கொழகொழப்பான நீர் இருக்கிறது. பசை கலந்து அதைத் தயார் செய்திருக்கிறார்கள். அதன்மேல் வண்ணத்தைத் துளித்துளியாகத் தெளிக்கிறார் கைவினைஞர். வண்ணத்தில் கலந்திருக்கும் மாட்டுப் பித்தநீர் துளியை மூழ்கவிடாமல் வட்டமாக விரியச் செய்கிறது. ஊசியால் குறுக்கும் நெடுக்கும் கோடிழுத்து, பல் இடைவெளி உள்ள சீப்பை ஒருமுறை மெல்ல இழுத்ததும் வட்டங்கள் மயில்தோகைக் கண்களாக மாறுகின்றன. தாளை ஒரு மூலையிலிருந்து காற்றுக்குமிழ் நுழையாதபடி படியவிட்டு, எண்ணி நான்கைந்து நொடியில் உரித்தெடுக்கும்போது நீரில் இருந்த கோலம் முழுதும் தாளுக்கு வந்துவிடுகிறது. அதே கோலத்தை மறுமுறை யாராலும் எடுக்க முடியாது. அசலை அடையாளம் காண்பதற்கு வழியும் அதுவே. ஒரே வகையில் இரண்டு தாள்களை அருகருகே வைத்துப் பாருங்கள். புள்ளிக்குப் புள்ளி ஒத்திருந்தால் அவை அச்சடித்தவை. பூவேலையும் பொன்னிறமும் கலந்த அச்சுத்தாளும் ஃபுளோரன்ஸின் மரபுப் பொருளே என்பதால் அதை ஒதுக்க வேண்டியதில்லை; கைவேலையின் விலையை அதற்குக் கொடுக்காமல் இருந்தால் சரி. 1856-இல் தொடங்கிய ஜன்னீனி குடும்பத்தின் நிறுவனம் இந்தத் தொழிலில் பழம்பெயர். எடை குறைவு, உடையாது, ஒரு தாளை வாங்கிச் சட்டமிட்டு மாட்டலாம். பரிசுக்கு இதைவிட நல்ல பொருளை அந்த ஊரில் நான் காணவில்லை.

பழைய பாலமான போந்தே வெக்கியோவில் முன்பு இறைச்சிக் கடைகள் இருந்தன. அப்போது நகரை ஆண்ட மெதிச்சி வம்சத்து முதலாம் ஃபெர்தினாந்தோ 1593-இல் அவற்றை அகற்றிப் பொற்கொல்லர்களை அமர்த்தினார்; இன்றும் பாலத்தின் இருபுறமும் நகைக்கடைகளே. இத்தாலியில் நகைக்கான தங்கம் பொதுவாக 18 காரட். நகையின் உட்புறம் 750 என்ற எண் இருக்க வேண்டும். அதோடு நட்சத்திரக் குறியும், ஓர் எண்ணும், மாகாணத்தைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளும் சேர்ந்த செய்தவரின் முத்திரையும் இருக்கும். 916 முத்திரையைப் பார்த்தே பழகியவர்கள் இங்கே சவரன் கணக்கும் சேதாரக் கணக்கும் போட்டால் மனம் ஒப்பாது. இந்த நகைகளை வேலைப்பாட்டுக்காக வாங்கலாமே தவிரச் சேமிப்பாக வாங்க வேண்டாம். தேன்கூடு போலத் துளையிட்டு அறுத்தெடுக்கும் வேலையும், பட்டுத்துணிபோல் மங்கலாக மின்னும்படி பொன்னில் நுண்கோடுகள் கீறும் வேலையும் ஃபுளோரன்ஸின் மரபு வேலைகள். உருப்பெருக்கிக் கண்ணாடி கேட்டு வாங்கித் துளைகளின் ஓரத்தைப் பாருங்கள். கையால் அறுத்ததில் துளைக்குத் துளை சிறு வேறுபாடு தெரியும்.

ஆடைக்கு வருவோம். இத்தாலிய உயர்தர ஆடையுலகம் தன் முதல் அடியை எடுத்து வைத்தது இந்த நகரில்தான்: 1951 பிப்ரவரி 12 அன்று ஜொவான்னி பத்தீஸ்தா ஜோர்ஜீனி தம் இல்லத்தில் வெளிநாட்டு வணிகர்களை அழைத்து ஆடை அணிவகுப்பு நடத்தினார், அடுத்த ஆண்டு அது பித்தி அரண்மனையின் வெள்ளை மண்டபத்துக்கு மாறியது. அதே அரண்மனையில் இன்று ஆடை அருங்காட்சியகம் இருக்கிறது. தொர்னபுவோனி வீதியின் பெரிய கடைகளுக்குப் போவதற்கு முன் அதையும், அந்த வீதியிலேயே ஸ்பினி ஃபெரோனி மாளிகையில் உள்ள ஃபெரகாமோ காலணி அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடுங்கள். காலணியின் அடியில் வைக்கும் எஃகுக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் சார்தீனியத் தீவின் தக்கையைக் கொண்டு காலணிக் கலைஞர் ஃபெரகாமோ செய்த காலணிகளைப் பார்த்த கண், அதன்பின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பளபளப்புக்கு அவ்வளவு எளிதில் மயங்காது.

இத்தாலிய அளவெண்களில் பெண்களுக்கான 42 என்பது பிரிட்டன் அளவில் 10. ஆண்களின் மேற்சட்டையில் 50 என்பது மார்பளவு 40 அங்குலம். தள்ளுபடிக் காலம் குளிர்காலத்தில் ஜனவரி தொடக்கத்திலும் கோடையில் ஜூலை தொடக்கத்திலும் ஆரம்பிக்கும். அப்போது விலைச்சீட்டில் பழைய விலை, தள்ளுபடி விழுக்காடு, புதிய விலை மூன்றும் இருக்க வேண்டும் என்பது சட்டம். மனம் மாறியதற்காகப் பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடமை கடைக்காரருக்கு இல்லை, குறையிருந்தால்தான் பொறுப்பு. ஆகையால் மாற்றித் தருவார்களா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொண்டு, ‘ஸ்கொந்த்ரீனோ’ என்னும் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தரையில் துணி விரித்து விற்கும் பெரிய நிறுவனப் பெயர் கொண்ட போலிப் பைகள் பக்கம் போகவே வேண்டாம். வாங்குகிறவருக்கும் 7,000 யூரோ வரை அபராதம் விதிக்க இத்தாலியச் சட்டத்தில் இடமுண்டு.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள், ஒரே கடையில் வரியோடு சேர்த்து 70 யூரோவுக்கு மேல் வாங்கினால் மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பப் பெறலாம். வரி 22 சதவீதம் என்றாலும், வரியைத் திருப்பித் தரும் இடைநிலை நிறுவனத்தின் கட்டணம் கழிந்து குறைவான தொகையே கைக்கு வரும். இதற்குக் கடையில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் வாங்க வேண்டும். எல்லாச் சிறு பட்டறைகளும் இந்த வசதியைத் தருவதில்லை என்பதால் தொடக்கத்திலேயே கேளுங்கள். பொருளைப் பயன்படுத்தாமல் வைத்திருந்து, ஒன்றியத்தைவிட்டுக் கடைசியாக வெளியேறும் விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் காட்டிப் படிவத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பெட்டியை இறுதி ஊர்வரை முதல் நிலையத்திலேயே ஒப்படைத்து அனுப்புவதாக இருந்தால், ஒப்படைப்பதற்கு முன் அங்கேயே சுங்கத்தை முடித்துவிடுங்கள். வண்ணத்தாள்களை மட்டும் அட்டைக் குழாயில் சுருட்டிக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரரிடம் கேட்டால் குழாயை அவரே தருவார்.