கோவில் கல்யாணத்துக்கு முன் பதிவாளரிடம் போங்கள்

இலங்கையில், ஆங்கிலிக்கன் கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்தாலும் சட்டத்துக்கு அது போதாது. நுவரெலியாவானாலும் ஹட்டனானாலும் முதலில் பிரிவுத் திருமணப் பதிவாளரிடம் கல்யாணம் செய்யப் போவதாக அறிவித்தல் கொடுக்க வேண்டும். அதற்கு முன் 10 நாளாவது அந்தப் பிரிவில் வசித்திருக்க வேண்டும். இருவரும் வெவ்வேறு பிரிவென்றால் இரண்டு இடத்திலும் கொடுக்க வேண்டும். இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்வது பெயரில்தான். பிறப்பத்தாட்சியில் 'செல்லம்மா', அடையாள அட்டையில் 'செல்லமா'. ஓர் எழுத்துதானே என்று விடாதீர்கள். திருத்த மாதக்கணக்காகலாம், மண்டபம் பேசுமுன்பே இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

அறிவித்தல் பதிந்து 12 நாள் கழித்து, கல்யாணம் செய்யலாம் என்ற பதிவாளரின் சான்றிதழ் கிடைக்கும். அறிவித்தல் பதிந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கல்யாணம் முடிய வேண்டும். அந்தச் சான்றிதழைக் குருவானவரிடம் கொடுங்கள். காலை 6 முதல் மாலை 6 மணிக்குள், கோவில் கதவு திறந்திருக்க, இரண்டு சாட்சிகள் முன் வழிபாடு நடக்கும். பிறகு எல்லோரும் கையெழுத்திடுவார்கள்.