காஸ்ட்கோவில் காது மெஷின் வாங்கும் முன்

அமெரிக்காவில் தனியார் கிளினிக்கில் ஒரு ஜோடி காது கேட்கும் கருவிக்கு 4,000 டாலருக்கு மேல் கேட்பது சாதாரணம். உறுப்பினர்களுக்கு மட்டும் விற்கும் பெரிய கடைச் சங்கிலியான காஸ்ட்கோவில் அது சுமார் 1,500, 1,600 டாலரில் முடிந்துவிடுகிறது. விலை குறைவு என்பதால் மட்டமான சரக்கு என்று நினைக்க வேண்டாம். கிளினிக்குகளில் விற்கும் பெரிய பிராண்டுகளைச் செய்பவர்களே இவற்றையும் செய்கிறார்கள். ஜாப்ரா பெயரில் விற்றது டென்மார்க்கின் ஜிஎன் நிறுவனம் செய்தது. ரீசவுண்ட் கருவிகளைச் செய்வதும் அவர்கள்தான். ஃபிலிப்ஸ் ஹியர்லிங்க், ஓட்டிகான் செய்யும் டிமாண்ட் நிறுவனத்தின் தயாரிப்பு. ரெக்ஸ்டன், சிக்னியாவின் உடன்பிறப்பு. சென்ஹைசர் பெயரில் வந்தது ஃபோனாக்கின் தாய் நிறுவனமான சோனோவாவுடையது. காஸ்ட்கோவின் சொந்தப் பிராண்டாக வந்து, முன்பு எல்லோரும் தேடி வாங்கிய கிர்க்லேண்ட் 10-ஐச் செய்ததும் சோனோவாதான். அது இப்போது விற்பனையில் இல்லை. எந்தெந்த மாடல் இருக்கும் என்பது அடிக்கடி மாறும். அதனால் போகும் வாரத்தில் அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் எது நல்ல பிராண்ட் என்ற கேள்விக்கு எங்கள் பதில் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஒரே விலையில் உள்ள இந்த மாடல்களுக்குள் இருக்கும் வித்தியாசத்தைவிட, கருவியை உங்கள் காதுக்குப் பொருத்துபவர் எவ்வளவு பொறுமையாகப் பொருத்துகிறார் என்பதில் இருக்கும் வித்தியாசம் பெரிது. சுமாராகப் பொருத்திய விலை உயர்ந்த கருவி மேசை டிராயருக்குள் போய்விடும். ஒழுங்காகப் பொருத்தியது காதிலேயே இருக்கும்.

போவதற்கு முன்

கேட்புப் பரிசோதனைக்கு அங்கே கட்டணம் இல்லை, ஆனால் உறுப்பினர் அட்டை வேண்டும். முன்பதிவு செய்துதான் போக வேண்டும். சில கிளைகளில் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இது இடமில்லை.

காதுக் குறும்பியை முதலில் எடுத்துவிட்டுப் போங்கள். அடைப்பு இருந்தால் பரிசோதனை நடக்காது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். பஞ்சுக் குச்சியால் நோண்டினால் அது இன்னும் உள்ளே போகும். குடும்ப டாக்டரிடம் எடுத்துக்கொள்வது நல்லது.

சில அறிகுறிகள் இருந்தால் கடைக்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகவேண்டும். கடந்த 90 நாட்களுக்குள் திடீரென்று காது கேட்காமல் போனது, ஒரு காது மட்டும் கேட்காதது, காதில் வலி அல்லது சீழ், தலைசுற்றல், ஒரு காதில் மட்டும் ஓயாத இரைச்சல் ஆகியவை அவை. திடீர்க் கேட்பிழப்பில் ஒவ்வொரு நாளும் முக்கியம். அதை வயதாகிவிட்டது என்று தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டில் அதிகம் பேசும் ஒருவர் கூடப் போக வேண்டும். மனைவியோ மகளோ பேரனோ, எந்தக் குரல் புரியவில்லையோ அந்தக் குரல் அந்த அறையில் இருக்க வேண்டும்.

ஆடியோகிராமைப் படிப்பது

பரிசோதனை முடிந்ததும், ஆடியோகிராம் என்ற கேட்பு வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். இடமிருந்து வலமாக 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது தடித்த ஒலியிலிருந்து கீச்சொலி வரை. மேலிருந்து கீழாக டெசிபல்; கோடு எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு இழப்பு. சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. 25 டெசிபல் வரை இயல்பு, 40 வரை லேசான இழப்பு, 55 வரை நடுத்தரம், 70 வரை நடுத்தரத்துக்கு மேல், 90 வரை கடுமை.

வயதானவர்களின் கோடு பெரும்பாலும் இடதுபக்கம் மேலே நன்றாக இருந்து, 2,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் சறுக்கிக்கொண்டு இறங்கும். ‘கேட்குது, ஆனா புரியல’ என்று அப்பா சொல்வதற்கு இதுதான் காரணம். ஆ, ஊ போன்ற உயிரொலிகள் தடித்த பகுதியில் இருப்பதால் குரல் சத்தமாகவே கேட்கும். ச, த, க, ப என்று சொல்லைப் பிரித்துக்காட்டும் ஒலிகளின் கூர்மை மேல்பகுதியில் இருக்கிறது. அது விழுந்துவிட்டால் கடை, சடை, தடை, படை நான்கும் ஒரே சொல்லாகிவிடும். இவரிடம் கத்திப் பேசிப் பயனில்லை. தடித்த பகுதிதான் மேலும் சத்தமாகும்.

காதுக்குப் பின்னுள்ள எலும்பு வழியாக அளந்த கோடும் காதுத்துளைக் காற்று வழியாக அளந்த கோடும் தள்ளித் தள்ளி நின்றால் பிரச்சினை நடுக்காதில் இருக்கலாம். இரண்டு காதுகளுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இருந்தாலும் அப்படித்தான்: டாக்டர் பார்த்த பிறகு கருவி.

அடுத்தது சொல் புரிதல் சோதனை. இது ஆங்கிலச் சொற்களில் நடக்கும். தமிழிலேயே வாழ்ந்த அம்மாவுக்கு அதில் 60 சதவீதம் வந்தால் அது காதின் மதிப்பெண்ணா, ஆங்கிலத்தின் மதிப்பெண்ணா என்று பிரிக்க முடியாது. இதைப் பரிசோதிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டில் நீங்களே ஒரு சோதனை வைத்துக்கொள்ளலாம். ஒரு மீட்டர் தூரத்தில், உதடு தெரியாதபடி பின்னால் நின்று, சாதாரணக் குரலில் கடை, நடை, படை, மடை, தடை, சடை, எடை என்று மாற்றி மாற்றி 20 சொற்கள் சொல்லி, எத்தனை சரியாகத் திருப்பிச் சொல்கிறார் என்று குறியுங்கள். கருவி போட்டபின் அதே அறையில், அதே ஆள், அதே குரலில் திரும்பச் செய்யுங்கள். அந்த இரண்டு எண்களும் எந்த விளம்பரத்தையும்விட நிறையச் சொல்லும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

பெரும்பாலோருக்கு ஏற்றது காதுக்குப் பின்னால் சின்ன உடலும், மெல்லிய ஒயரில் காதுக்குள் போகும் ரிசீவர் என்ற குட்டி ஸ்பீக்கரும் உள்ள வகை. ஒலி காதுக்குள்ளேயே உருவாகிறது; பழுதானால் ரிசீவரை மட்டும் மாற்றலாம். ரிசீவரில் சக்தி வகைகள் உண்டு. ஃபிலிப்ஸில் அவற்றை 60, 85, 100, 105 என்று எண்ணால் சொல்வார்கள். காதுக்குத் தேவையானதைவிடச் சின்ன ரிசீவர் போட்டால் முக்கிமுணங்கும். கொஞ்சம் இழப்பு கூடினாலும் தாங்கும் அளவுக்கு இடம் விட்டுத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

ரிசீவர் நுனியில் மாட்டும் சிலிக்கான் தொப்பிக்கு டோம் என்று பெயர். இந்தச் சின்னப் பொருள்தான் பாதிப் பிரச்சினைகளுக்குக் காரணம். தடித்த ஒலிகள் நன்றாகக் கேட்பவருக்குத் துளையுள்ள திறந்த டோம். அவை இயல்பாகவே உள்ளே வரும், கருவி கூர்மையான பகுதியை மட்டும் நிரப்பும். 250, 500 ஹெர்ட்ஸிலேயே கோடு 40 டெசிபலையும் தாண்டி இறங்கியிருந்தால் திறந்த டோமில் போடும் தடித்த ஒலி வெளியே கசிந்துவிடும். அவருக்கு மூடிய டோம், அல்லது காதை அச்செடுத்துச் செய்த மோல்டு வேண்டும்.

சார்ஜ் செய்வதா, பேட்டரி மாற்றுவதா என்பதில் எங்கள் கருத்து தெளிவு: விரல் நடுங்குபவர்களுக்கும் பார்வை மங்கியவர்களுக்கும் சார்ஜர்தான். இரவில் வைத்தால் காலையில் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி சில ஆண்டுகளில் தளரும். வாரண்டிக்குள் மாற்றிக்கொள்ள முடியுமா, அதன்பின் என்ன செலவு என்று கேளுங்கள். பேட்டரி வகையை எடுத்தால், ஸ்டிக்கரை உரித்ததும் சில நிமிடம் காற்றாட வைத்துவிட்டுப் பொருத்துங்கள். துத்தநாகப் பேட்டரி காற்றை உள்வாங்கித்தான் உயிர் பெறுகிறது.

போன் விஷயத்தில் விற்பவர் வார்த்தையை நம்பாதீர்கள். ஐபோன் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆண்ட்ராய்டில் மாடலுக்கு மாடல் மாறும். அம்மா பயன்படுத்தும் அதே போனை எடுத்துப்போய், அங்கேயே இணைத்து, ஒரு வாட்ஸ்அப் வீடியோ அழைப்பு பேசிப் பாருங்கள். எதிராளி பேசுவது கருவியில் கேட்டாலும், அம்மா பேச போனை வாயருகே பிடிக்க வேண்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். அரங்குகளில், கோயில் கூடங்களில் மைக் ஒலியை நேராகக் கருவிக்கு அனுப்பும் லூப் வசதி பயன்படுத்துபவர், அதை வாங்கும் டெலிகாயில் என்ற சுருள் இருக்கிறதா என்றும், புதிய மாடலில் அதே வேலையை ப்ளூடூத்தில் செய்யும் ஆராகாஸ்ட் வருமா என்றும் கேட்க வேண்டும்.

பொருத்தும் நாள்

அன்று கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “ரியல் இயர் அளவு எடுப்பீர்களா?” மெல்லிய சிலிக்கான் குழாய் ஒன்றைச் செவிப்பறைக்கு சுமார் 5 மில்லிமீட்டர் அருகில் வரை விட்டு, கருவியைப் போட்ட நிலையில் அங்கே உண்மையில் எவ்வளவு ஒலி சேருகிறது என்று அளப்பது. குழாயில் ஒரு கறுப்பு அடையாளம் இருக்கும். குழாய் நுனியிலிருந்து அதை ஆண்களுக்குச் சுமார் 30, பெண்களுக்குச் சுமார் 28 மில்லிமீட்டரில் வைப்பது வழக்கம். வலிக்காது, லேசாகக் கூசும். இந்த அளவு இல்லாமல் கணினி தானாகப் போட்ட அமைப்போடு அனுப்பினால், கூர்மையான பகுதியில் தேவைக்குக் குறைவாகவே கிடைப்பது வழக்கம். காஸ்ட்கோவில் இதற்கான கருவி இருக்கிறது. செய்யவில்லை என்றால் கேட்டுச் செய்யச் சொல்வது உங்கள் உரிமை.

அந்தச் சோதனையில் ஒலிக்கும் பேச்சு புரியாத மொழிபோல இருக்கும். ஆங்கிலம், அரபு, சீனம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் என்று ஆறு மொழிகளில் பேசிய ஆறு பெண்களின் குரல்களை வெட்டி ஒட்டியது அது. வேண்டுமென்றே அர்த்தம் இல்லாமல் செய்திருக்கிறார்கள். ஆங்கிலம் தெரியாதவருக்கு இங்கே எந்தக் குறையும் வராது. ஆனால் எந்த ஒலியை எவ்வளவு கூட்டுவது என்று சொல்லும் நால்-என்எல்2 என்ற கணக்கீட்டில், தொனி மொழியா (சீனம்போல, சுருதி மாறினால் சொல்லின் பொருளே மாறும் மொழியா), இல்லையா என்று ஒரு தேர்வு இருக்கிறது. தமிழ் தொனி மொழி இல்லை. யாராவது ஆசிய மொழி என்று ஊகித்துத் தொனி மொழியில் விட்டிருந்தால் தடித்த பகுதியில் தேவையில்லாமல் கூடும். ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

முதல் வாரம் எல்லாமே அதிகமாகக் கேட்கும். பாத்திரம் உருளும் சத்தம், காகிதம் கசங்கும் சத்தம், சொந்தக் காலடிச் சத்தம். இதற்காக உடனே சத்தத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள். மூளை பல ஆண்டு கேட்காததைக் கேட்கிறது. தாங்கவே முடியாவிட்டால், சில வாரங்களில் தானாகப் படிப்படியாக ஏறும் அமைப்பு உண்டு, அதைப் போடச் சொல்லலாம். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் போட்டுவிட்டு எடுத்துவைத்தால் பழகவே பழகாது.

எங்கே தவறும், என்ன செய்வது

தன் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் இருந்தால் காது மூடிக்கிடக்கிறது. டோமை இன்னும் திறந்ததாக மாற்ற வேண்டும். மெல்லும்போதும் சிரிக்கும்போதும் விசில் அடித்தால் டோம் தளர்வு, அல்லது ஒயர் நீளம் தவறு. ஒயர் கன்னத்தை விட்டு வில்லாக நிமிர்ந்து நின்றால் அது நீளம் அதிகம். காதை உள்ளங்கையால் பொத்தும்போது விசில் வருவது மட்டும் கோளாறு இல்லை.

ஒரு காதின் கருவி திடீரென்று ஊமையாகிவிட்டால் பெரும்பாலும் குறும்பித் தடுப்பான் அடைத்திருக்கும். ரிசீவர் நுனியில் இருக்கும் வெள்ளைப் பொட்டு அது. டோமைக் கழற்றி, கூடவே தரும் குச்சியின் ஒரு முனையால் பழையதைப் பிடுங்கி, மறுமுனையால் புதியதை அழுத்தினால் அரை நிமிட வேலை. அங்கே பொருத்தும் நாளிலேயே உங்கள் கையால் ஒருமுறை செய்து பழகிக்கொள்ளுங்கள். தலைக்கு எண்ணெய் வைப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: மைக் துளைகள் காதுக்கு மேலே, முடியோரம் இருக்கின்றன. எண்ணெய் ஏறினால் ஒலி மந்தமாகும், கூட்டத்தில் எதிரில் இருப்பவர் பேச்சைப் பிரித்துப் பிடிக்கும் திறனும் போய்விடும். எண்ணெய் வைத்த அன்று, தலை துவட்டிக் காய்ந்தபின் கருவியைப் போடுங்கள். இரவில் மென்தூரிகையால் துளைகளைத் துடையுங்கள்.

திருப்பிக் கொடுக்க 180 நாட்கள் இருக்கின்றன. தனியார் கிளினிக்குகளில் பெரும்பாலும் இவ்வளவு கிடைக்காது, அதனால் இதை வீணாக்கக் கூடாது. ஒரு சின்ன நோட்டில் எழுதி வாருங்கள். ‘சரியாகக் கேட்கவில்லை’ என்று எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ‘செவ்வாய், காரில், பின்சீட்டில் பேத்தி பேசியது புரியவில்லை, டிவி செய்தி புரிந்தது’ என்று எழுதினால் எந்த இடத்தைத் திருத்துவது என்று பொருத்துபவருக்குத் தெரியும். இரண்டு மூன்று முறை திருத்தியும் சரிவராவிட்டால் அடுத்த பிராண்டை முயலுங்கள். அதற்கு முன் மாற்ற வேண்டாம்.

மிகக் கடுமையான இழப்புக்கு இந்தக் கடை போதாமல் போகலாம், மருத்துவமனையைச் சேர்ந்த ஆடியாலஜிஸ்டிடம், அதாவது கேட்பு நிபுணரிடம் போங்கள். லேசான இழப்பு என்றால், 2022 அக்டோபர் 17 முதல் பரிசோதனைச் சீட்டு இல்லாமல் விற்கும் கருவிகளும் இருக்கின்றன. 2024-இல் ஏர்பாட்ஸ் ப்ரோ 2-க்கும் கேட்புக் கருவி வசதிக்கு அனுமதி கிடைத்தது. தொடக்கமாக முயல அவை சரி. ஆனால் ஏர்பாட்ஸை நாள் முழுக்கப் போட்டிருக்க முடியாது, இரண்டுக்குமே அளந்து பொருத்துபவர் இல்லை.

பணம் பற்றி: முதியோருக்கான அரசுக் காப்பீடான அசல் மெடிகேர் காது மெஷினுக்குத் தராது, அதற்குப் பதிலாகத் தனியார் நிறுவனங்கள் நடத்தும் அட்வான்டேஜ் திட்டங்கள் சில தருகின்றன. மருத்துவச் செலவுக்கென்று வரியில்லாமல் ஒதுக்கிவைக்கும் எஃப்எஸ்ஏ, எச்எஸ்ஏ கணக்குப் பணத்தைப் பயன்படுத்தலாம்.

ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்கு வாங்குவதாக இருந்தால், வந்து இறங்கிய முதல் இரண்டு வாரத்துக்குள் பரிசோதனைக்குப் பதிவு செய்யுங்கள். கிளம்பும் வாரத்தில் வாங்கினால் திருத்தங்களுக்கு நேரமில்லை, திரும்பக் கொடுக்கவும் வழியில்லை. ஊரில் உள்ள கிளினிக் இந்த மாடலைத் திருத்தித் தர முடியுமா, செயலி வழியாகத் தூரத்திலிருந்து திருத்த முடியுமா என்று வாங்கும் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது குறும்பித் தடுப்பான் பத்து பாக்கெட், டோம் இரண்டு பாக்கெட், உதிரிச் சார்ஜர் ஒன்று கைப்பையில் வையுங்கள். கருவியை விமானத்தில் காதிலேயே போட்டுக்கொண்டு போகலாம்.