கர்ப்ப காலத்தில் ஈறில் ரத்தம்: துலக்குவதை நிறுத்தாதீர்கள்

இரண்டாம் மாதம் தாண்டியதும், பல் துலக்கித் துப்பும்போது எச்சிலில் சிவப்பு தெரியத் தொடங்கலாம். பயந்துபோய் அந்த இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்வதுதான் பலர் செய்யும் தவறு. பிரஷ் படாத இடத்தில் அழுக்கு சேரும். சேரச் சேர ரத்தமும் கூடும்.

வீக்கத்தைத் தொடங்கி வைப்பது ஈறு விளிம்பில் படியும் பாக்டீரியாப் படலம். கர்ப்பத்துக்கு முன்பும் அது இருந்திருக்கும்; அப்போது ஈறு தாங்கிக்கொண்டது. இப்போது புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடுவதால் ஈறின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்து, எளிதில் கசிகின்றன. கருவை அந்நியமாக எண்ணித் தாக்கிவிடாதபடி உடலின் நோய் எதிர்ப்பும் தன் போக்கை மாற்றிக்கொள்கிறது. கிருமியை விழுங்கும் நியூட்ரோபில் வெள்ளணுக்களின் வேலை சற்று மந்தமாகும். பிரீவோடெல்லா இன்டர்மீடியா என்ற கிருமியோ, வைட்டமின் கே-க்குப் பதிலாக இந்த ஹார்மோனையே எடுத்துக்கொண்டு வளரக்கூடியது. அதனால் கொஞ்சம் அழுக்குக்கே ஈறு அதிகமாக வீங்குகிறது. எட்டாம் மாதவாக்கில் உச்சம் தொட்டு, பிரசவத்துக்குப் பின் தணியும்.

மென்மையான பிரஷ், 1000 முதல் 1500 பிபிஎம் ஃபுளோரைடு உள்ள பேஸ்ட், காலையும் இரவும் 2 நிமிடம். பிரஷ்ஷின் நார்களை ஈறு விளிம்பை நோக்கி 45 டிகிரி சாய்த்து, அழுத்தாமல், சிறிய அசைவாகத் துலக்குங்கள். ரத்தம் வரும் இடத்தைத் தவிர்க்காதீர்கள். பல்லிடுக்கில் தினம் ஒருமுறை பல் நூல் விடுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் கசிவு குறைவது தெரியும். குறையவில்லையென்றால் அழுக்கு கல்போல இறுகிக் காரையாகியிருக்கலாம். அதை வீட்டில் எடுக்க முடியாது. கரித்தூளும் உப்புத்தூளும் போட்டுத் தேய்த்தால் ஈறு புண்ணாகும், பல்லும் தேயும்.

வாந்தி எடுத்ததும் உடனே துலக்காதீர்கள். வயிற்று அமிலம் எனாமலை இளக்கியிருக்கும். ஒரு கோப்பை நீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்துத் துப்புங்கள், விழுங்க வேண்டாம். அரை மணி நேரம் கழித்துத் துலக்கலாம். பேஸ்ட் வாசனையே குமட்டினால் சுவை குறைந்த பேஸ்டுக்கு மாறுங்கள். துலக்காமல் படுப்பதைவிட அது நூறு மடங்கு மேல்.

“பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று வீட்டில் சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். காரை எடுப்பது கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் பாதுகாப்பானது. 14 முதல் 20 வாரத்துக்குள் என்றால் உட்கார்ந்திருக்கச் சுலபம். காரை எடுத்தால் பல் ஆடும் என்பதும் சரியல்ல. ஏற்கெனவே எலும்பு கரைந்து ஆடிய பல்லைக் காரை மறைத்திருக்கும், அவ்வளவுதான். லிடோகெய்ன் மரப்பு ஊசி போடலாம். 20 வாரத்துக்குப் பிறகு மல்லாந்தே படுத்தால் கருப்பை பெரிய ரத்தக் குழாயை அழுத்தி மயக்கம் வரலாம். வலது இடுப்புக்கடியில் தலையணை வைத்து இடப்பக்கம் சாய்ந்துகொள்ளுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். இப்யூபுரூஃபன், டாக்ஸிசைக்ளின் மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

ஈறு நோய் முற்றியவர்களிடம் 37 வாரத்துக்கு முன்பே பிரசவமாவதும், 2.5 கிலோவுக்குக் குறைந்த குழந்தை பிறப்பதும் கூடுதலாகக் காணப்பட்டிருக்கின்றன. ஆனால் அமெரிக்காவில் 823 கர்ப்பிணிகளிடம் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், சிகிச்சையால் ஈறு தேறியதே தவிர, குறைப்பிரசவம் குறையவில்லை. எனவே இந்தச் சிகிச்சை உங்கள் வாய்க்காகத்தான். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற குற்ற உணர்ச்சி வேண்டாம்.

பல்லிடுக்கில் சிவந்த சதைக்கட்டி முளைத்தால் பதறாதீர்கள். புற்றுநோய் அல்லாத இந்தக் கட்டி பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் சுருங்கிவிடும். மெல்லும்போது இடித்து ரத்தம் நிற்காவிட்டால் மட்டும் பல் மருத்துவர் வெட்டி எடுப்பார். காய்ச்சலோடு முகம் வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, வாய் திறக்க முடியாவிட்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். எத்தனையாவது வாரம், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.