வெளிநாட்டு வகுப்பறை ஒன்றோடு உங்கள் வகுப்பை இணைப்பது எப்படி?

வேறொரு நாட்டில் கற்பிக்கும் ஆசிரியரோடு சேர்ந்து தம் மாணவர்களுக்கு ஒரு பணியைத் தர விரும்பியும், எங்கே தொடங்குவதென்று தெரியாமல் இருக்கும் ஆசிரியர்களுக்காக இந்தச் செய்முறையை எழுதுகிறேன். ஒரு மடிக்கணினி, ஒரு புரொஜெக்டர், சுமாரான இணைய இணைப்பு ஆகியவை வகுப்பில் இருக்கின்றன என்றும், காணொளி அழைப்பைத் தொடங்கத் தெரியும் என்றும் எடுத்துக்கொள்கிறேன். அவற்றை இங்கே விளக்கப் போவதில்லை.

பலரும் முதல் வாரத்திலேயே காணொளி அழைப்பில் இறங்கிவிடுகிறார்கள். இரு பக்கக் குழந்தைகளும் கையசைக்கிறார்கள், பெயர் சொல்கிறார்கள், விடைபெறுகிறார்கள்; அதன்பின் பேச ஒன்றும் இல்லாமல் தொடர்பு நின்றுபோகிறது. என் அனுபவத்தில் நிலைத்த தொடர்புகள் எல்லாம் இதற்கு எதிரான வரிசையில் வளர்ந்தவை. முதலில் இரு ஆசிரியர்களுக்கு இடையே தெளிவான உடன்பாடு, அடுத்து இரு வகுப்புகளும் தத்தம் நேரத்தில் செய்து முடிக்கும் ஒரு பணி, கடைசியில்தான் நேரலைச் சந்திப்பு. கீழே உள்ள படிகளும் அந்த வரிசையிலேயே உள்ளன.

படி 1: இணை ஆசிரியரைக் கண்டறிதல்

இதற்கென நீண்டகாலமாக இயங்கும் வலையமைப்புகளில் நான் முதலில் சொல்வது ஐ-எர்ன். நியூயார்க் மாநிலப் பள்ளிகளையும் மாஸ்கோ பள்ளிகளையும் இணைத்து 1988இல் தொடங்கிய முயற்சி அது. இன்று பல நாடுகளின் ஆசிரியர்கள் அங்கே தங்கள் திட்டங்களை முன்வைத்துப் பங்காளிகளைத் தேடுகிறார்கள். ஐரோப்பிய ஆணையம் 2005இல் தொடங்கிய ஈட்வின்னிங் மிக ஒழுங்கானது. ஆனால் ஐரோப்பிய நாடுகளுக்கும் அவற்றை ஒட்டிய சில நாடுகளுக்கும் உரியது. எங்கே தேடினாலும், தொடங்கிக் கிடக்கும் ஒரு திட்டத்தில் சேர்வதே புதியவருக்கு எளிது என்பது என் கருத்து. "நட்புக் கொள்ள விரும்புகிறோம்" என்று மட்டும் எழுதும் அறிமுகங்களுக்குப் பதில் வருவது அரிது. மாணவர்களின் வயது, பாடம், நீங்கள் நினைத்திருக்கும் பணி, எந்த இரண்டு மாதங்களில் அதைச் செய்ய முடியும் என்ற நான்கு செய்திகளும் முதல் மடலிலேயே இருக்கட்டும்.

மாதங்களைப் பற்றிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவில் ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ தொடங்குகிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பெரும்பாலும் ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ தொடங்குகிறது. உங்களுக்கு ஆண்டின் நடுப்பகுதியாக இருப்பது அவர்களுக்குத் தேர்வுக் காலமாகவோ நீண்ட விடுமுறையாகவோ இருக்கலாம். இரு நாட்காட்டிகளையும் ஒரே தாளில் எழுதி வைத்து, இரு பக்கமும் தொடர்ந்து வகுப்பு நடக்கும் ஆறு வாரங்களைக் கண்டுபிடித்த பிறகே மற்றவற்றைப் பேசுங்கள்.

படி 2: பெற்றோரின் ஒப்புதல்

இதைத் தள்ளிப்போட வேண்டாம். அமெரிக்காவில் 13 வயதுக்குட்பட்டோரின் தகவல்களை இணையத்தில் திரட்டுவதற்கு 1998ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்பாடு விதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2018 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ளன. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தைகளாகவே கருதுகிறது. ஆகவே உங்கள் பக்கம் ஒப்புக்கொள்ளப்பட்டது அவர்கள் பக்கம் தடைசெய்யப்பட்டதாக இருக்கலாம். இரண்டில் கடுமையான விதி எதுவோ அதையே இரு வகுப்புகளும் பின்பற்றுவதென்று முடிவு செய்துகொண்டால் பிறகு குழப்பம் வராது. மாணவர்களின் முதற்பெயர் மட்டும், முகம் தெரியும் படங்கள் இல்லை, அழைப்பைப் பதிவு செய்வதில்லை என்பவையே நான் கடைப்பிடிக்கும் மூன்று வரையறைகள்.

படி 3: நேரம் பார்க்காமல் செய்யக்கூடிய ஒரு பணி

இந்தப் படியில்தான் இரு வகுப்புகளும் உண்மையாக இணைகின்றன. நான் மிகவும் விரும்புவது நிழலை அளந்து பூமியின் சுற்றளவைக் காணும் பணி. கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனீஸ் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே, எகிப்தின் தெற்கே உள்ள சையீனில் நண்பகலில் நேர் உச்சிக்கு வரும் கதிரவன், அதே நாள் நண்பகலில் வடக்கே உள்ள அலெக்சாந்திரியாவில் உச்சியிலிருந்து ஏறத்தாழ 7.2 பாகை சாய்ந்திருப்பதை வைத்து, அவ்விரு ஊர்களுக்கு இடைப்பட்ட தொலைவு பூமிச் சுற்றளவில் ஐம்பதில் ஒரு பங்கு என்று கணித்தார். இதைச் செய்ய இரண்டு இடங்கள் வேண்டும் என்பதால், மற்ற வகுப்பு இல்லாமல் விடை கிடைக்காது. அந்தத் தேவையே மாணவர்களை அடுத்த நாட்டின் அளவுக்காக ஆவலோடு காத்திருக்க வைக்கிறது.

ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பைச் சமதளத்தில் நடுங்கள். தூக்குநூல் கொண்டு அது செங்குத்தாக நிற்பதை உறுதி செய்யுங்கள். நண்பகலை ஒட்டிய ஒரு மணி நேரத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறியுங்கள். மிகக் குறுகிய நிழலே வேண்டிய அளவு. கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போது நிழல் மிகக் குறுகியதாக இருக்க வேண்டியதில்லை என்பதை மாணவர்கள் தாமே கண்டறிவது இந்தப் பணியின் சிறந்த பகுதிகளில் ஒன்று. அதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். நிழலின் நீளத்தைக் கம்பின் உயரத்தால் வகுத்தால், கதிரவன் உச்சியிலிருந்து சாய்ந்திருக்கும் கோணத்தின் டேஞ்சன்ட் மதிப்பு கிடைக்கும். கீழ்வகுப்புகளில் வரைபடத் தாளில் அந்தச் செங்கோண முக்கோணத்தை அளவுமாற்றி வரைந்து, கோணமானியால் அளந்தால் போதும்.

எடுத்துக்காட்டாக, ஒரு பள்ளியில் நிழல் 36 செ.மீ. என்றால் கோணம் 19.8 பாகை, அதே நாளில் மற்றப் பள்ளியில் 70 செ.மீ. என்றால் 35 பாகை. வேறுபாடு 15.2 பாகை. ஒரு பள்ளியிலிருந்து நேர் வடக்காக, மற்றப் பள்ளி இருக்கும் அட்சக்கோடு வரை வரைபடத்தில் அளந்த தொலைவு 1,690 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், 360ஐ 15.2ஆல் வகுத்து அதை 1,690ஆல் பெருக்கக் கிடைப்பது ஏறத்தாழ 40,000 கி.மீ. இரு பள்ளிகளுக்கு இடைப்பட்ட நேர்த்தொலைவை எடுக்கக் கூடாது. வடக்கு தெற்குத் தொலைவு மட்டுமே கணக்கில் வரும்.

ஒவ்வொரு பள்ளியும் தன் நண்பகலில் அளப்பதால் நேர வேறுபாடு ஒரு பொருட்டே அல்ல. அளவுகளைப் பகிர ஒரே ஒரு பொது விரிதாள் போதும். புதிய ஆசிரியர்கள் ஐந்தாறு செயலிகளை ஒரே சமயத்தில் அறிமுகப்படுத்துவதைப் பார்க்கிறேன். மின்னஞ்சலும் ஒரு பொதுக் கோப்பும் தவிர மூன்றாவது கருவி எதையும் முதல் ஆண்டில் சேர்க்காதீர்கள் என்று அழுத்தமாகவே சொல்வேன்.

படி 4: நேரம் குறித்தல்

நேரலைச் சந்திப்புக்கு நாள் குறிக்கும்போது யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தையும் சேர்த்தே எழுதுங்கள். தேதியில் மாதத்தைப் பெயரால் எழுதுங்கள். 03/04 என்பது ஒரு நாட்டில் ஏப்ரல் 3, இன்னொரு நாட்டில் மார்ச் 4.

இனி, பெரும்பாலானோர் இடறும் இடம். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, ஜப்பான் ஆகிய நாடுகளில் கடிகாரம் ஆண்டு முழுவதும் மாறுவதில்லை. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி, அக்டோபர் கடைசி ஞாயிறன்று பின்னே கொண்டுவருகிறார்கள். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாற்றம் நிகழும் நாட்கள். ஆஸ்திரேலியாவில் சில மாநிலங்கள் மட்டும் எதிர்த்திசையில், அக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் முடிக்கின்றன. குயின்ஸ்லாந்து மாற்றுவதே இல்லை. இந்திய நேரம் பிற்பகல் 2 மணி என்பது பிரிட்டனில் கோடையில் காலை 9:30. குளிர்காலத்தில் 8:30, அப்போது அங்கே பள்ளி தொடங்கியே இருக்காது.

நாட்காட்டிச் செயலியில் வாரந்தோறும் வருமாறு நிகழ்வை அமைத்தால், அது யாருடைய நேர வலயத்தில் உருவாக்கப்பட்டதோ அந்தக் கடிகாரத்தையே பின்தொடரும். நீங்கள் உருவாக்கினால் மாற்ற நாளுக்குப் பிறகு அவர்களுக்கு ஒரு மணி நேரம் நகரும். அவர்கள் உருவாக்கினால் உங்களுக்கு நகரும். இருவருக்குமே பாடவேளை மாறாது என்பதால் யாரேனும் ஒருவருடைய வகுப்பு தவறிப்போகும். ஆகவே மாற்ற நாள் இடையில் வருமானால் ஒரு தொடர் நிகழ்வுக்குப் பதிலாக, மாற்றத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று என இரு தனி நிகழ்வுகளாக அமைத்துவிடுங்கள்.

தெற்காசியப் பள்ளிக்கும் அமெரிக்கக் கிழக்குக் கரைப் பள்ளிக்கும் பொதுவான பள்ளி நேரம் என்று ஒன்று இல்லவே இல்லை. அங்கே நேரலையை வற்புறுத்தாமல், இரண்டு நிமிடக் குரல்பதிவுகளைப் பரிமாறிக்கொள்வது நல்லது.

படி 5: ஒலி

படம் மங்கினால் குழந்தைகள் பொறுத்துக்கொள்வார்கள்; ஒலி சரியில்லாவிட்டால் ஐந்து நிமிடத்தில் கவனம் கலைந்துவிடும். ஓர் அறையில் ஒரே ஒரு கருவிதான் ஒலியோடு இணைந்திருக்க வேண்டும். வேறு கருவிகள் இருந்தால் அவற்றின் மைக்கும் ஸ்பீக்கரும் அணைந்திருக்கட்டும்; இல்லாவிட்டால் ஒன்றின் ஒலியை மற்றொன்று வாங்கி ஊளையிடும்.

உங்கள் குரலே சற்றுத் தாமதமாக உங்களுக்குத் திரும்பக் கேட்டால், உங்கள் கருவியை நோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். அவர்கள் அறை ஸ்பீக்கரில் ஒலிக்கும் உங்கள் குரலை அவர்கள் மைக் மீண்டும் எடுத்து அனுப்புகிறது. ஸ்பீக்கரின் ஒலியைக் குறைக்கவோ மைக்கிலிருந்து தள்ளி வைக்கவோ வேண்டியவர்கள் அவர்கள். அதுபோலவே உங்கள் அறையின் கோளாறு உங்களுக்குக் கேட்காது, அவர்களுக்குத்தான் கேட்கும். எனவே ஒத்திகையை இரு ஆசிரியர்களும் வீட்டிலிருந்து செய்வதில் பயனில்லை. அந்தந்த வகுப்பறையிலிருந்து, அதே ஸ்பீக்கரோடு, அதே இடத்தில் மைக்கை வைத்துச் செய்து, ஒருவருக்கொருவர் கேட்பதைச் சொல்லுங்கள்.

மடிக்கணினியின் மைக் பின்வரிசைக் குழந்தையின் குரலை எடுக்காது. திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் ஒலியளவு 6 டெசிபெல் குறையும். வகுப்பறையில் சுவர்களின் எதிரொலியும் சேர்ந்து சொற்களைக் குழப்பும். ஆகவே மைக்கின் முன் ஒரு நாற்காலியைப் போட்டு, பேசும் மாணவர் அங்கே வந்து பேசும்படி செய்யுங்கள். ஸ்பீக்கரைப் பொறுத்தவரை கம்பி வழி இணைப்பதையே பரிந்துரைக்கிறேன். புளூடூத் தன் பங்குக்கு மேலும் தாமதம் சேர்க்கிறது.

குழந்தைகள் சேர்ந்து பாடத் திட்டமிட்டிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அழைப்புச் செயலிகளின் இரைச்சல் நீக்கும் வசதி, ஒற்றைக் குரலைக் காப்பாற்றிக் கூட்டுக்குரலையும் இசைக்கருவியையும் இரைச்சல் என்று கருதி வெட்டிவிடக்கூடும். ஜூமில் மூல ஒலியை அப்படியே அனுப்பும் அமைப்பு இருப்பதால்தான் நான் அதையே விரும்புகிறேன். இலவசக் கணக்கில் 40 நிமிட வரம்பு உண்டு; ஒரு பாடவேளைக்கு அது போதும்.

படி 6: சந்திப்பு

முதல் சந்திப்பில் நிழல் அளவுகளை வைத்துப் பேசுங்கள். அறிமுகத்துக்கு, ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும் கேள்விகளை மாறி மாறிக் கேட்டு, சக வகுப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் விளையாட்டும் நன்றாக அமையும். ஆனால் அதைப் பணிக்கு முன்பே, மாணவர்களுக்கு நாடு தெரியாத நிலையில்தான் நடத்த முடியும். பேசி முடித்தவர் "முடித்துவிட்டேன்" என்று சொல்வதை வழக்கமாக்குங்கள். தாமதத்தால் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவது இதனால் நின்றுவிடும்.

பின்னர் சேர்த்தவை

இதைப் படித்துச் செய்து பார்த்த ஆசிரியர்கள் கேட்டவற்றுக்காகச் சில திருத்தங்கள். பழைய வழிகாட்டிகள் பலவும் ஸ்கைப்பை நம்பி எழுதப்பட்டவை. அந்தச் சேவை 2025 மே மாதத்தில் நிறுத்தப்பட்டுவிட்டது. மேலே சொன்ன கண்டுபிடிப்பு விளையாட்டை வேறு எந்தச் செயலியிலும் நடத்தலாம்.

ஜிட்சி மீட் என்ற இலவசக் காணொளி அழைப்புச் சேவையில் அறையைத் திறப்பவர் 2023 ஆகஸ்ட் முதல் கணக்கு வழியாக நுழைய வேண்டும். சேர்பவருக்கு அது தேவையில்லை. கணக்குத் தொடங்க அனுமதியில்லாத பள்ளியோடு பேசுகிறவர்கள் தாமே அறையைத் திறந்து இணைப்பை அனுப்பலாம்.

பொது விரிதாள் திறக்கவில்லை என்றால், இணை ஆசிரியர் அதை வீட்டில் அல்ல, பள்ளி இணையத்திலேயே திறந்து பார்த்தாரா என்று கேளுங்கள். பள்ளிகளின் வடிகட்டிகள் பலவற்றைத் தடுக்கின்றன. சீனாவில் கூகுள் சேவைகளே தடுக்கப்பட்டுள்ளன. அங்குள்ள பள்ளி என்றால் அளவுகளை மின்னஞ்சலிலேயே அனுப்பிக்கொள்ளுங்கள்.

நிழல் கணக்கில் விடை பாதியாகவோ மும்மடங்காகவோ வருகிறது என்றவர்களுக்கு: நண்பகலில் இரு பள்ளிகளின் நிழலும் எந்தத் திசையில் விழுந்தன என்று பாருங்கள். இரண்டும் வடக்கே விழுந்தால் கோணங்களைக் கழிக்க வேண்டும். ஒன்று வடக்கே, மற்றது தெற்கே என்றால் கூட்ட வேண்டும். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையில் உள்ள இடங்களில் ஆண்டின் ஒரு பகுதியில் நிழல் வடக்கேயும் மறுபகுதியில் தெற்கேயும் விழும் என்பதால், விரிதாளில் நிழலின் நீளத்துக்கு அருகிலேயே திசைக்கும் ஒரு பத்தியை ஒதுக்கிவிடுங்கள்.