இலக்கியக் காட்சி அச்சிட்ட விக்டோரியக் காலத் தட்டை ஆராயும் முறை

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் பட்டறைகளில், செப்புத் தகட்டில் செதுக்கிய ஓவியத்தை மெல்லிய தாளில் மையால் எடுத்து, அத்தாளை ஒருமுறை சுட்ட பாண்டத்தின் மீது அழுத்தித் தேய்த்துப் படத்தைப் பதித்தார்கள் என்பதை அறிந்தால், தட்டை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்பது விளங்கும்.

முதலில் விளிம்பைப் பாருங்கள். பூக்கொடி அலங்காரம் தாள் துண்டுகளாக ஒட்டப்பட்டதால், எங்கேனும் ஓரிடத்தில் ஓர் இலை பாதியில் அறுபட்டு அடுத்த பூவோடு பொருந்தாமல் நிற்கும். இந்த இணைப்பை நான் குறையாகக் கருதுவதில்லை, கைவேலையின் நேரடிச் சான்றாகவே மதிக்கிறேன். பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியில் நடுக்காட்சியைக் கவனியுங்கள். செதுக்கிய கோடுகளும் நுண்புள்ளிகளும் புலப்பட வேண்டும்.

அடுத்துத் தட்டைத் திருப்புங்கள். வால்டர் ஸ்காட்டின் புதினத்தை ஒட்டி வெட்ஜ்வுட் நிறுவனம் வெளியிட்ட ‘ஐவன்ஹோ’ வரிசையில், காட்சியின் பெயர் பின்புறத்திலேயே அச்சாகியிருக்கும். வடிவமைப்பை அரசிடம் பதிவு செய்ததைக் காட்டும் வைர வடிவப் பதிவுக்குறி இருந்தால் அது 1842 முதல் 1883 வரையிலான பதிவு; ஆண்டைக் குறிக்கும் எழுத்து 1867 வரை மேல் மூலையிலும், அதன்பின் வலது மூலையிலும் இடம்பெற்றது. ஆனால் அக்குறி வடிவமைப்பைப் பதிவு செய்த நாளை மட்டுமே சொல்கிறது; அதே வடிவமைப்பில் பல ஆண்டுகள் கழித்தும் தட்டுகள் செய்யப்பட்டிருக்கலாம். 1884 முதல் வைரக்குறிக்குப் பதிலாகப் பதிவு எண் வந்தது. ‘இங்கிலாந்து’ என்ற நாட்டுப் பெயர் காணப்பட்டால், பெரும்பாலும் 1891ஆம் ஆண்டையோ அதற்குப் பிந்திய காலத்தையோ சேர்ந்ததெனக் கொள்ளலாம்.