பழைய காரை வீட்டு ஷெட்டில் கட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஓர் இளம் நண்பர், தம் வீட்டு ஷெட்டில் ஒன்றரை ஆண்டுகளாகக் கட்டிவந்த எஞ்சினை முதன்முதலாக ஸ்டார்ட் செய்யப் போவதாகச் சொல்லி என்னை அழைத்திருந்தார். நான் போய்ச் சேரும்வரை அவருக்குப் பொறுமை இருக்கவில்லை, காலையிலிருந்தே ஓட்டிக்கொண்டிருந்தார். வாசலை நெருங்கும்போதே எட்டு சிலிண்டர்களின் உறுமலுக்கு நடுவே சன்னமாக ஒரு தட்டல் கேட்டது. “டேப்பெட் கொஞ்சம் லூஸாக இருக்கிறது அண்ணா, அட்ஜஸ்ட் செய்தால் போய்விடும்” என்றார். வால்வுகளைத் திறக்க ஏறி இறங்கும் சிறு உருளைதான் டேப்பெட். வால்வு மூடியைக் கழற்றாமலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஏனெனில், பல ஆண்டுகளுக்கு முன் அதே தட்டலைக் கேட்டு, அதே சொற்களை எனக்கு நானே சொல்லிக்கொண்டவன் நான்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது, பாட்டரியைக் கழற்றாமல் வயரிங்கில் கை வைக்கக் கூடாது என்பன போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். கவனமாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே செய்கிற தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

ஒரே வாரத்தில் முழு வண்டியையும் பிரித்துப் போடுவது

பிரிப்பது எளிது, அதில் ஒரு போதையும் உண்டு. கழற்றிய போல்ட்டுகளைத் தனித்தனிப் பைகளில் போட்டுப் பெயர் எழுத வேண்டும் என்பதைப் பலரும் செய்கிறார்கள். ஆனால் கதவுக் கீலுக்குப் பின்னாலும், பாடியும் சேஸிஸும் சேருமிடங்களிலும் செருகப்பட்டிருக்கும் மெல்லிய தகடுகளை யாரும் எண்ணுவதில்லை. முன்பக்க வலது மூலையில் மூன்று தகடுகள், இடது மூலையில் ஒன்று என்று இருந்தால், அது யாரோ அசட்டையாகச் செருகியதன்று. அந்த வண்டியின் கதவு இடைவெளி சீராக வருவதற்காகத் தொழிற்சாலையில் ஒருவர் கையால் சரிசெய்து வைத்தது. எந்த இடத்தில் எத்தனை என்று எழுதி, படமும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மரையைப் பார்க்காமல் ஸ்பேனர் அளவை மட்டும் பார்த்து மாற்றுப் போல்ட் தேடுவதும் இதைச் சேர்ந்ததுதான். எம்ஜி டிசி, டிடி போன்ற கார்களின் எஞ்சினில் போல்ட்டின் தலை விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவிலும் மரை மெட்ரிக் அளவிலும் இருக்கும். தலையைப் பார்த்து முடிவெடுத்தவர் பிளாக்கின் மரையைக் கெடுத்திருப்பார்.

துருப்பிடித்த தரையை முட்டுக் கொடுக்காமல் வெட்டுவது

கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற சட்டமும் தரைத் தகடும்தான் பல வண்டிகளில் பாடியை நிமிர்த்திப் பிடித்திருக்கின்றன. கூரை இல்லாத வண்டிகளில் இது இன்னும் கடுமையான உண்மை. இரண்டு பக்கமும் ஒரே நாளில் வெட்டியெடுத்தால், நடுப்பகுதி கண்ணுக்குத் தெரியாத அளவு தொய்ந்துவிடும். அந்த நிலையிலேயே புதுத் தகட்டை வெல்டிங் செய்தால், தொய்வு நிரந்தரமாகிவிடும். கதவை மாட்டும் நாளில்தான் மேலே ஒட்டியும் கீழே விரல் நுழையும் இடைவெளியோடும் அது நிற்பது தெரியவரும். வெட்டுவதற்கு முன் கதவு வாசலில் குறுக்குக் குழாய்களைத் தற்காலிகமாக வெல்டிங் செய்து, மூலைக்கு மூலை அளந்து எழுதி, ஒரு பக்கத்தை முழுமையாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும்.

புதிய கேம்ஷாப்டை ஐட்லிங்கில் ஓட விடுவது

டேப்பெட்டுகளை ஏற்றி இறக்கும் மேடுகள் கொண்ட சுழலும் தண்டுதான் கேம்ஷாப்ட். ஐட்லிங் என்பது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சினை மெதுவாக ஓட விடுவது. இந்தத் தவற்றை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. காரணம், இது சோம்பேறித்தனத்தால் நிகழ்வதில்லை. நல்ல எண்ணத்தால் நிகழ்கிறது. புது எஞ்சினை முதலில் மென்மையாக ஓட விட வேண்டும் என்று நாம் அனைவரும் நம்புகிறோம். தட்டை அடிப்பாகம் கொண்ட டேப்பெட் உள்ள எஞ்சினுக்கு அந்த மென்மையே எமனாகிறது.

1932-இல் போர்டு வெளியிட்ட பிளாட்ஹெட் வி8 ஆனாலும், 1955-இல் செவ்ரோலே கொண்டுவந்த 265 கன அங்குல வி8 ஆனாலும், அக்காலத்துப் பெரும்பாலான எஞ்சின்களில் டேப்பெட்டின் அடிப்பாகம் நேரடியாகக் கேமின் மேட்டில் உரசியே ஓடுகிறது. செவ்ரோலே போன்றவற்றில் அந்த அடிப்பாகம் பார்வைக்குத் தட்டையாகத் தெரிந்தாலும் மிக மெலிதாகக் குவிந்திருக்கும். கேம் மேடும் ஒரு பக்கம் இலேசாகச் சரிந்திருக்கும். இதனால் டேப்பெட் மேலும் கீழும் போவதோடு, தன் அச்சில் மெல்லச் சுழன்றுகொண்டும் இருக்கும். புதிய மேடும் புதிய டேப்பெட்டும் ஒன்றோடொன்று பழகிப் பொருந்துகிற முதல் சில நிமிடங்களில் அந்தச் சுழற்சி நின்றுபோனால், உலோகத்தின் ஒரே இடம் தொடர்ந்து உரசி, கடினமாக்கப்பட்ட மேல்தோல் போய்விடும். தோல் போன பிறகு உள்ளே இருக்கும் மென்மையான உலோகம் தேய அதிக நேரம் ஆவதில்லை.

கேம் மேடுகளுக்குத் தனியாக ஆயில் குழாய் கிடையாது. கிராங்க்ஷாப்ட் சுழன்று வாரியிறைக்கும் ஆயிலை நம்பியே அவை இருக்கின்றன. 700 சுற்றுகளில் ஐட்லிங் ஓடும்போது இறைபடுவது சில துளிகள்தான். ஆகவேதான் கேம் தயாரிப்பாளர்கள், எஞ்சின் உயிர் பெற்ற கணத்திலிருந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 சுற்றுகளுக்குக் குறையாமல், 2500 வரை ஏற்றி இறக்கி, இருபது நிமிடம் ஓட்டச் சொல்கிறார்கள்.

நான் செய்தது என்ன? கார்புரேட்டரில் பெட்ரோல் நிரப்பாமல் ஸ்டார்ட்டரை அழுத்திக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் கேமில் தடவியிருந்த பசை கொஞ்சம் கொஞ்சமாக வழித்தெடுக்கப்பட்டது. ஒருவழியாக எஞ்சின் பற்றிக்கொண்டதும், ஐட்லிங்கில் விட்டுவிட்டு, வீட்டில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுச் சத்தத்தைக் கேட்கச் சொன்னேன். கால் மணி நேரம் கார்புரேட்டர் திருகை அப்படியும் இப்படியும் திருப்பி, அதன் இசையில் மயங்கி நின்றேன். மூன்று வாரத்தில் தட்டல் தொடங்கியது. அட்ஜஸ்ட் செய்தேன், நின்றது. அடுத்த வாரம் மறுபடியும் தட்டியது. மறுபடியும் அட்ஜஸ்ட் செய்தேன். மூன்றாம் முறை டேப்பெட்டை வெளியே எடுத்தபோது, அதன் அடிப்பாகம் சிறு கிண்ணம் போலக் குழிந்திருந்தது. விரல்நுனியால் தடவினால் விளிம்பு தட்டுப்பட்டது. எக்ஸாஸ்ட் வால்வுக்குரிய கேம் மேடு, மேடு என்று சொல்ல முடியாதபடி உருண்டுபோயிருந்தது.

கேம்ஷாப்ட் மட்டும் போயிருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். தேய்ந்த உலோகம் எங்கே போகும்? ஆயில் பம்ப் வழியாகத்தான் போகும். ஆயில் கெட்டியாக இருக்கும் குளிர்ந்த நிலையில் ஆயிலை வடிகட்டாமலே கடத்திவிடும் பில்டரின் பைபாஸ் வால்வு திறந்துகொள்வதால், பில்டர் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்ற நம்பிக்கையும் செல்லாது. பேரிங்குகளைக் கழற்றியபோது சாம்பல் நிறம் போய்ச் செம்பு நிறம் தெரிந்தது. ஓர் ஆண்டு வேலையை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன்.

அக்காலத்தில் இல்லாத இன்னொரு சிக்கல் இப்போது சேர்ந்திருக்கிறது. துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த ஒரு சேர்மம்தான் ஆயிலில் இருந்துகொண்டு இந்த உரசலைத் தாங்கிக் காத்துவந்தது. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை பாஸ்பரஸ் கெடுக்கும் என்பதால், 2004-இல் வந்த ஏபிஐ எஸ்எம் என்ற எஞ்சின் ஆயில் தரத்தில், இன்றைய கார்களுக்கான மெல்லிய ஆயில்களில் அதன் அளவு 0.08 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றாயிற்று. 1987-இல் செவ்ரோலே தன் கார்களின் சிறிய வி8 எஞ்சின்களிலேயே, உரசாமல் உருளும் சக்கரம் அடியில் கொண்ட ரோலர் டேப்பெட்டுக்கு மாறத் தொடங்கிவிட்டதால், புதிய வண்டிகளுக்கு இது ஒரு குறையே அல்ல. பழைய எஞ்சினுக்கு, முதல் ஓட்டத்துக்கென்றே தயாரிக்கப்படும் பிரேக்-இன் ஆயிலை வாங்கி ஊற்றுங்கள்.

இப்போது நான் கடைப்பிடிக்கும் முறை இது. கேம் மேடுகளிலும் டேப்பெட்டின் அடியிலும் மாலிப்டினம் பசையைத் தடவுகிறேன். வெறும் ஆயில் போதாது. செவ்ரோலே போன்ற எஞ்சின்களில் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அந்தத் துளை வழியாகத் தண்டு ஒன்றை விட்டு, டிரில் மெஷினால் ஆயில் பம்பைச் சுழற்றுகிறேன். கிராங்க்கை அவ்வப்போது சிறிது திருப்பிக்கொண்டே, வால்வுகளை அழுத்தும் எல்லா ராக்கர்களிலும் ஆயில் கசியும்வரை டிரில்லை நிறுத்துவதில்லை. இரட்டை வால்வு ஸ்பிரிங் இருந்தால் உள் ஸ்பிரிங்கை அப்போதைக்கு எடுத்துவிடுகிறேன். இக்னிஷன் டைமிங்கை எஞ்சின் நின்றிருக்கும்போதே சரிபார்த்து, கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோலைக் கையால் நிரப்பி, ரேடியேட்டருக்கு முன்னால் பெரிய மின்விசிறி ஒன்றையும் நிறுத்தி, ஷெட்டின் கதவை முழுக்கத் திறந்து வைத்த பிறகே சாவியைத் திருப்புகிறேன். எங்காவது ஒழுகினாலோ சூடேறினாலோ ஐட்லிங்குக்கு இறக்காமல் உடனே அணைத்துவிட்டு, சரிசெய்த பிறகு மீதி நிமிடங்களை ஓட்டலாம். முடிந்ததும் ஆயிலையும் பில்டரையும் மாற்றி, பழைய பில்டரை வெட்டி, உள்ளே இருக்கும் காகிதத்தை விரித்து வெளிச்சத்தில் பார்க்கிறேன்.

பழைய டேப்பெட்டைப் புதிய கேமோடு சேர்க்கவே கூடாது. பழைய கேமையே திரும்ப மாட்டுவதானாலும், ஒவ்வொரு டேப்பெட்டும் தான் இருந்த துளைக்கே திரும்ப வேண்டும்.

அந்த இளம் நண்பரின் பில்டரையும் அன்று மாலையே வெட்டிப் பார்த்தோம். காகித மடிப்புகளுக்குள் வெள்ளித்தூள் போல மின்னியது. அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

பிரேக் ஆயில்

பேச்சு வழக்கில் ஆயில் என்கிறோம். அது ஆயில் அன்று. எஞ்சின் ஆயிலோ கிரீஸோ சிறிதளவு கலந்தாலும் ரப்பர் வாஷர்கள் ஊதிப் பிரேக் பிடித்துக்கொள்ளும். டாட் என்பது பிரேக் திரவத்தின் தரக் குறியீடு. டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகியவை கிளைகால் வகை. டாட் 5 மட்டும் சிலிக்கோன். எண்ணைப் பார்த்து 5-ஐயும் 5.1-ஐயும் ஒரே குடும்பம் என்று எண்ணிக் கலப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஹாட் ராட், அதாவது பழைய காரை வேகத்துக்காக மாற்றியமைத்த வண்டி, கட்டுகிறவர்களுக்கு இன்னொன்று. போர்டு கார்களில் 1939 மாடலில்தான் ஹைட்ராலிக் பிரேக் வந்தது. அதற்கு முந்தைய பாடியை எடுத்தால் பிரேக் முழுவதையும் நாமே அமைக்க வேண்டியிருக்கும். பெடலை மிதிக்கும்போது திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைத் தரைக்கு அடியில் மாட்டினால், அது சக்கரங்களின் பிரேக்குகளைவிடத் தாழ்ந்துவிடும். திரவம் பின்னோக்கி வழிந்து, பெடலை இரண்டு முறை மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். குழாயில் காற்று இருக்கிறது என்று நினைத்து வாரக்கணக்கில் பிளீடிங் செய்வார்கள். வேண்டியது, குழாயில் சிறிதளவு அழுத்தத்தைத் தக்கவைக்கும் ரெசிடுவல் வால்வு: டிஸ்க்குக்குச் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு, டிரம்முக்கு 10 பவுண்டு.

பழைய பிரேக் டிரம்மில் காற்றடித்துத் தூசு ஊதுவது

அந்தத் தூசில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடையுங்கள்.

பெட்ரோல் டேங்கில் வெல்டிங்

கூடாது. கழுவிக் காயவைத்த டேங்கிலும் கூடாது.

பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் வெல்டிங்

குளோரின் சேர்ந்த கிளீனர்கள் ஆர்க்கின் வெப்பத்தில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். முதல் உலகப் போரில் மனிதர்களைக் கொல்லப் பயன்பட்ட வாயு அது.

பாட்டரியின் எந்த முனை எர்த் என்று பார்க்காமல் இணைப்பது

வண்டியின் உலோகத்தோடு இணைக்கப்படும் முனைதான் எர்த். மாடல் ஏ முதல் 1955 வரையிலான போர்டு கார்களில் 6 வோல்ட் பாட்டரி, பாசிட்டிவ் எர்த். 1956-இல் 12 வோல்ட்டும் நெகட்டிவ் எர்த்தும் வந்தன. 1960-கள் வரை பல பிரிட்டிஷ் கார்களும் பாசிட்டிவ் எர்த்தாகவே இருந்தன. பழக்கத்தில் மாற்றி இணைத்துவிட்டு, புதிதாகப் பொருத்திய ஆல்டர்னேட்டரின் டயோடுகளைக் கணப்பொழுதில் எரித்தவர்கள் உண்டு. பழைய உரிமையாளர் ஏற்கெனவே மாற்றியிருக்கவும் கூடும் என்பதால், புத்தகத்தை மட்டும் நம்பாமல் எஞ்சினில் எந்த முனையின் கேபிள் பூட்டியிருக்கிறது என்று கழற்றும் முன்பே பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பெயின்ட்டுக்கு முன் ஒருமுறை முழுதாக மாட்டிப் பார்க்காதது

பானெட், கதவு, பம்பர், சைலன்சர் குழாய், ஸ்டீயரிங் தண்டு என எல்லாவற்றையும் வெறும் உலோகமாக இருக்கும்போதே ஒருமுறை பூட்டி, சக்கரத்தை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்துவிட வேண்டும். பளபளக்கும் பெயின்ட் அடித்த சேஸிஸில், எக்ஸாஸ்ட் குழாய் ஸ்டீயரிங் தண்டில் உரசுவதைக் கண்டு கிரைண்டரை எடுத்தவன் நான். பெயின்ட் அடித்த பிறகு எர்த் வயர் பூட்டும் இடங்களை மட்டும் உலோகம் தெரியச் சுரண்டிவிடுங்கள். ஹெட்லைட் மங்கலாக எரிகிறது என்று வருகிற வண்டிகளில், நான் முதலில் கழற்றிப் பார்ப்பது அந்தப் போல்ட்டைத்தான்.